தானாகத் திறந்த குரல்

அந்த டிக்கை வைத்தவள் கடுசாபேதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குள் ரேடியோ நிலையத்தின் அறிவிப்பு எண்ணுக்கு நாற்பத்தொரு குரல்பதிவுகள் வந்து குவிந்திருந்தன. முன்பெல்லாம் ஜனங்கள் மலையேறி வந்து ஜன்னலில் தாளை நீட்டுவார்கள். இப்போது மாடு தொலைந்தாலும், கல்யாணம் தள்ளிப்போனாலும், வீட்டில் யாராவது இறந்தாலும் போனில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் இறக்கி, இறங்கியதைத் தேடிப் பிடித்து, சொடுக்கித் திறந்து, கேட்டு, அறிவிப்புத் தாளில் எழுத வேண்டும். அன்று அவளுக்கு விரல் மரத்துப் போயிற்று. இறங்கிய கோப்பின் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. அழுத்திப் பார்த்தாள். 'இந்த வகைக் கோப்புகளை எப்போதும் திற' என்று ஒரு வரி வந்தது. டிக் வைத்தாள். அன்றிலிருந்து எந்தக் குரல்பதிவு இறங்கினாலும் கேட்காமல் கொள்ளாமல் தானே திறந்து பேச ஆரம்பித்தது.

நிலையத்தில் அவளை யாரும் கடுசாபே என்று கூப்பிட்டதில்லை. ஃபோர்ட் போர்ட்டல் பக்கம் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கோர்ட்டு சேவகனும் கோபத்தில் இருக்கும் புருஷனும்தான். அவளுடைய செல்லப்பெயர் அகீகி. எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த பாசெமேராவுக்கு அப்வோலி.

பாசெமேராவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அகீகி எழுதித் தரும் தாள்களை மதியம் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மைக் முன்னால் உட்கார்ந்து படிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் படிக்கிறாள். அவசரப்படாத, கனமான குரல். இறந்தவரின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு இடைவெளி விடுவாள். "செத்தா அப்வோலி வாயால சாகணும்" என்று சந்தையில் வயதான ஆண்கள் கேலி பேசுவார்கள். அவளும் விடமாட்டாள். "உன் பேரை எழுதி டிராயர்ல ரெடியா வெச்சிருக்கேன், தேதி மட்டும் சொல்லு" என்பாள்.

அவளுக்கு ஒரே மகன், கிசெம்போ. கணவர் இறந்தபோது அவனுக்கு நாலு வயது. இப்போது கியென்ஜோஜோ பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது, அம்மாவின் போனுக்கு அனுப்பாமல் வேண்டுமென்றே நிலையத்தின் அறிவிப்பு எண்ணுக்குப் பேசி அனுப்புவான். அகீகி தெரியாமல் இறக்குவாள். அறை முழுக்க அவன் குரல் கேட்கும்.

"அறிவிப்பு. காணவில்லை. ஒரு அம்மா. வயசு ஐம்பத்துமூணு, சொல்றது நாப்பத்தெட்டு. கடைசியா பாத்தப்போ கையில டீ கப்போட மைக் முன்னால உக்காந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை பையனுக்குப் போன் பண்றேன்னாங்க, பண்ணல. கண்டுபிடிச்சுக் குடுக்கறவங்களுக்கு ஒரு கோழி பரிசு."

பாட்டு அறையிலிருந்து பையன்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பாசெமேரா தலையில் அடித்துக்கொள்வாள். "இவனைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு ரேடியோ பெட்டி வாங்கியிருக்கலாம். அணைக்கவாவது முடியும்." ஆனால் அன்று முழுக்க அவள் முகம் மலர்ந்தே இருக்கும். படிக்கும் சாவு அறிவிப்புகூட அன்று கொஞ்சம் இளகி வரும்.

ஏப்ரலில் ஒரு சங்கடம் நடந்தது. தடுப்பூசி முகாம் பற்றிப் பேச மாவட்ட அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்து அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பதிவு இறங்கித் திறந்துகொண்டது. ஒரு பெண் தன்னை விட்டு ஓடிப்போன புருஷனை, அவன் உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி, வைதாள். அகீகி ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்து அணைப்பதற்குள் மூன்று பாகங்கள் முடிந்துவிட்டன.

அவர்கள் போனதும் மேனேஜர் வந்தார். "அகீகி, அந்தச் சனியனை இன்னைக்கே நிறுத்து. இல்லேன்னா ஹெட்ஃபோன் மாட்டிக்க."

"இன்னைக்கே பண்ணிடறேன் சார்."

அவர் தலை மறைந்ததும் பாசெமேரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விடுடி. அந்த ஆளு ரெண்டு நாள்ல மறந்துடுவாரு. நீ ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டா எம் பையன் பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

அகீகியும் விட்டுவிட்டாள். டிக்கை எடுத்துவிட்டால் ஒவ்வொன்றையும் மறுபடி தேடிச் சொடுக்க வேண்டும். அந்தச் சோம்பலுக்கு அப்வோலியின் ஆசை ஒரு நல்ல சாக்காகக் கிடைத்தது.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை முழுக்க மழை பெய்து ஓய்ந்திருந்தது. பன்னிரண்டரை மணிக்கு பாசெமேரா சுட்ட வாழைப்பழத்தைக் காகிதத்தில் வைத்துப் பிட்டுத் தின்றபடி, ஒரு மணிக்குப் படிக்க வேண்டிய தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அகீகி கடைசியாக வந்திருந்த மூன்று பதிவுகளை ஒன்றாக இறக்கினாள்.

முதல் பதிவு பெண்கள் சங்கக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதைச் சொன்னது. இரண்டாவதில் ஒரு கிழவர் கொம்பொடிந்த செம்மாடு ஒன்றைத் தேடினார். அதன் குணங்களை விவரித்துக்கொண்டே போனார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாரா, மாட்டைத் தேடறாரா?" என்றாள் பாசெமேரா.

மூன்றாவது திறந்தது.

"நான் ருசோக்கே பேசறேன், கிகுமிரோவுலேந்து. மரண அறிவிப்பு."

ருசோக்கே பாசெமேராவின் கணவருடைய தம்பி. குரல் கேட்டதும் பாசெமேரா நிமிர்ந்தாள். பழம் கையில் இருந்தது. கொழுந்தன் ஊரில் யாரோ வயசானவர் போய்விட்டார், யாராக இருக்கும் என்று யோசிக்கும் முகம்.

"காலஞ்சென்ற கன்யோம்பியாவோட மகன் கிசெம்போ, தேயிலை லாரி டிரைவர், இன்னைக்குக் காலையில லாரி கவுந்து..."

அகீகி கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்தாள். திரையில் மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே இருந்ததை மூடினாள். அது மாட்டுக்காரருடையது. அடுத்ததை மூடினாள். அதுவும் அல்ல.

"...ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே இறந்துட்டான். அடக்கம் நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு, கிகுமிரோவுல அவங்க அப்பா பக்கத்துல. அகீகி, இனிமே சொல்றது உனக்கு மட்டும். அப்வோலிக்கு இன்னும்..."

ஸ்பீக்கரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அறை அடங்கிப் போயிற்று. பாட்டு அறையில் மட்டும் கிட்டார் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது.

பாசெமேரா கையிலிருந்த பழத்தைக் காகிதத்தில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"மறுபடி போடு."

"அப்வோலி, வேண்டாம். அப்வோலி..."

"போடுடி. இருபத்திரண்டு வருஷமா ஊரான் சாவை ரெண்டு தரம் கேட்டுத்தான் எழுதியிருக்கோம். எம் பையனோடதை ஒரு தரத்துல முடிச்சுடுவியா?"

கத்தவில்லை. தாளில் ஒரு எழுத்து சரியில்லை என்று சொல்லும்போது எப்படிப் பேசுவாளோ அதே குரல். அகீகி வயரைச் சொருகினாள். முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை முடிவு வரைக்கும்.

"...அகீகி, இனிமே சொல்றது உனக்கு மட்டும். அப்வோலிக்கு இன்னும் தெரியாது. நாங்க மூணு பேர் வண்டியில வந்துக்கிட்டிருக்கோம். பையனுக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். அங்க எல்லாரும் இருக்காங்க, அங்க வெச்சுச் சொல்லிக்கிறோம். ஒரு மணிக்குப் படிச்சுடாதே, ஆறு மணிக்குப் படி. உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அங்கே வழக்கம் அதுதான். பிள்ளை இறந்ததைத் தாயிடம் நடுவழியில் யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய், பிடித்துக்கொள்ளப் பத்துக் கைகள் இருக்கிற இடத்தில், பெரியவர் ஒருவர் சொல்வார்.

"வயசு சொல்லல பாரு" என்றாள் பாசெமேரா. "இருபத்தெட்டு. எழுதிக்க."

அகீகி எழுதவில்லை. அழுதுகொண்டே நாற்காலியை விட்டு எழுந்து அவளிடம் போனாள். பாசெமேரா உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள். கீழே வாசலில் ஒரு வண்டி சேற்றில் வழுக்கி நிற்கும் சத்தம் கேட்டது. பாசெமேரா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ருசோக்கேயும் அவருடைய மனைவியும் தேவாலயப் பெரியவர் ஒருவரும் இறங்கினார்கள். ருசோக்கே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"கண்ணைத் துடை" என்றாள் பாசெமேரா. "எனக்குத் தெரியும்னு இவங்களுக்குத் தெரியக் கூடாது."

"ஏன் அப்வோலி? எதுக்கு?"

"பாரு அவனை. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருக்கான். எம் புருஷன் செத்த அன்னைக்கும் இவன்தான் வந்தான், அன்னைக்கும் காய்ச்சல்னுதான் சொன்னான். அவங்க சொல்றதைச் சொல்லட்டும். துடைங்கறேன்ல?"

ருசோக்கே உள்ளே வந்தார். சிரிக்க முயற்சி செய்தார்.

"அப்வோலி, பதறாதீங்க, ஒண்ணுமில்ல. நம்ம பையனுக்குக் கொஞ்சம் காய்ச்சல். மலேரியாதான். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். உங்களைப் பாக்கணும்கறான்."

"எப்போலேந்து?"

"நேத்து ராத்திரிலேந்து."

"மாத்திரை போட்டானா?"

"போட்டான், போட்டான். கொஞ்சம் கஞ்சிகூடக் குடிச்சான்."

"அவன் கஞ்சி குடிக்கமாட்டானே" என்றாள் பாசெமேரா. ருசோக்கேயின் மனைவி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, காய்ச்சல்ல குடிச்சிருப்பான். இருங்க, ஸ்வெட்டரை எடுத்துக்கறேன். மழையில வண்டி குளிரும்."

ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு பொத்தானைத் தப்பாகப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடி போட்டாள். போகும்போது அகீகியைப் பார்க்கவில்லை. படிகளில் ருசோக்கே அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வதை அகீகி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

ஒரு மணிக்கு மேனேஜர் தன் குரலில் தப்பும் தவறுமாகப் படித்துச் சமாளித்தார். ஆறு மணிக்கு அகீகியை உட்கார வைத்தார்கள். அதற்கு நடுவில், யாரும் சொல்லாமலே, அவள் கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் திறந்தாள். பதிவிறக்கங்கள் என்ற பகுதிக்குப் போனாள். சில வகைக் கோப்புகள் இறங்கியதும் தானாகத் திறக்கும் என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் நீக்கு என்று ஒரு பொத்தான். அழுத்தினாள். அந்த வரியே மறைந்துபோனது. சோதித்துப் பார்க்க ஒரு பதிவை இறக்கினாள். இறங்கியது. பட்டியலில் சும்மா கிடந்தது. இன்னொன்றை இறக்கினாள். அதுவும் பேசவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு மாதமாக முடியாத வேலை அது. நெற்றியை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

ஆறு மணிக்குப் படித்தாள். கிசெம்போ என்ற பெயரைச் சொல்லிவிட்டு அப்வோலி போல ஒரு மூச்சு இடைவெளி விட நினைத்தாள். நின்றால் மறுபடி தொடர முடியாது என்று தோன்றியது. நிற்காமல் படித்து முடித்தாள். வயது இருபத்தெட்டு என்றும் சேர்த்துப் படித்தாள்.

மறுநாள் அடக்கத்துக்கு நிலையத்திலிருந்து எல்லாரும் கிகுமிரோவுக்குப் போனார்கள். மண் சொதசொதவென்று இருந்தது. லாரி டிரைவர்கள் பதினைந்து பேர் ஒரே மாதிரி சட்டையில் வரிசையாக நின்றார்கள். பாசெமேரா உள்ளறையில் பெண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தாள். அகீகி மண்டியிட்டு வணங்கித் தொட்டபோது பாசெமேராவின் கை சில்லென்று இருந்தது. குரல் கட்டிப்போயிருந்தது. "வந்தியா" என்று மட்டும் கேட்டாள்.

வெளியே பந்தலில் ருசோக்கே, தட்டில் தினைக்களியும் பீன்ஸும் வைத்து அகீகியிடம் நீட்டினார்.

"நீ பெரிய உதவி பண்ணினே, அகீகி. வாயைத் திறக்காம இருந்தியே. வாசல்ல கால் வைக்கற வரைக்கும் அவங்களுக்கு ஒரு சந்தேகமும் வரல, தெரியுமா? வண்டியில நாங்க அழாம இருக்கப் பட்டபாடு! அவங்க எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு வந்தாங்க. மலேரியாதானே, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்கன்னு. இங்க வந்து சொன்னதும் விழுந்தாங்க பாரு, பத்துப் பேர் தாங்கிப் பிடிச்சோம். எது எப்படிப் போனாலும் முறையா செஞ்சோம். அந்த ஒரு நிம்மதி இருக்கு."

அகீகி ஒரு கவளத்தை உருட்டி வாயில் வைத்தாள். ருசோக்கே நகர்ந்ததும் தட்டை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து பாசெமேரா வேலைக்கு வந்தாள். உடம்பு இளைத்து, உடைகள் தோளிலிருந்து தொங்கின. மைக் முன்னால் உட்கார மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். ஜன்னலில் தாள் வாங்குகிற வேலையைக் கொடுத்தார்கள்; அறிவிப்பு படிப்பது அகீகியிடமே இருந்தது. அகீகி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். அந்த அறையில் இப்போது சத்தமே கிடையாது.

மூன்றாம் நாள் மதியம் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அகீகி சொன்னாள். "அப்வோலி, அந்த டிக்கை வெச்சது நான்தான். மேனேஜர் எடுக்கச் சொன்னாரு, எடுக்கல. கையை அசைச்சிருந்தா போதும். எடுத்திருந்தா நீங்க..."

"தெரியும். வேண்டாம்னு சொன்னதே நான்தானே."

"நீங்க விளையாட்டுக்குச் சொன்னீங்க. நான் சோம்பேறித்தனத்துல விட்டேன்."

பாசெமேரா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் தாளோடு வரவில்லை.

"கேட்டதுகூடப் பரவாயில்லடி" என்றாள் கடைசியில். "என்னைக்கிருந்தாலும் கேட்டுத்தானே ஆகணும். அந்த வண்டியில முக்கா மணி நேரம் போனேன் பாரு. அவங்க மூணு பேர் முகத்தைப் பாக்க முடியல. நான்தான் அவங்களைத் தேத்தினேன். வீட்டு வாசல்ல பெரியவர் சொன்னாரு. நான் விழணும். விழுந்தேன். கத்தணும், கத்தினேன். அப்போதான் கேக்கற மாதிரி கத்தினேன். எம் புள்ளைக்கு நான் நாடகம் போட்டு அழுதேன், அகீகி. எல்லாரும் அழுதாங்க, நிஜமா அழுதாங்க. அதுக்கப்புறம் நிஜ அழுகை வரவே இல்ல. ராத்திரி படுத்துக்கிட்டு வா வான்னு கூப்பிட்டுப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

அகீகி தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ மன்னிப்புக் கேக்கப் போறேன்னு தெரியும். இப்போ கேக்காதே. குடுக்க எங்கிட்ட இல்ல."

கிசெம்போவின் பழைய பதிவுகளில் அழியாமல் பதினொன்று கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றை எடுத்துத் தரட்டுமா என்று கேட்க வந்த அகீகி, அதையும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் வந்தது. ஒரு நாள் பதினொரு மணிக்கு, சட்டையில் தேயிலைக் கறையோடு ஒரு டிரைவர் ஜன்னலுக்கு வந்தான். மரண அறிவிப்பு எதுவுமில்லை. டிரைவர்கள் சங்கத்துக் கால்பந்து ஆட்டம், ஞாயிறு மூன்று மணிக்கு, அவ்வளவுதான். தாளை நீட்டிவிட்டு, உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல், "கோல்கீப்பர் எடம் காலியா இருக்கு, ஆள் இருந்தா அனுப்புங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான். கிசெம்போதான் அந்த அணிக்கு கோல்கீப்பர்.

பாசெமேரா தாளை மேஜையில் வைத்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள். எழுந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு வந்தது.

"அகீகி. ஸ்டூடியோ காலியா?"

"பன்னிரண்டு வரைக்கும் காலி."

"வா."

பதிவு ஸ்டூடியோ நடையின் கோடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்த பலகை, கதவு ஒரு சாண் தடிமன். பாசெமேரா உள்ளே போனாள். "யாரையும் விடாதே" என்றாள். கதவு மூடியது.

அகீகி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே பாசெமேரா முதலில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. தலை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. முழங்காலில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. வாய் அசைவைப் பார்த்தால் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்தது. அகீகி திரும்பி, கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு அறையிலிருந்து ஒருவன் கிட்டாரோடு வந்தான். "பன்னிரண்டாகப் போகுது, அகீகி. எனக்குப் பதிவு இருக்கு."

"இன்னைக்கு இல்ல."

"மேனேஜர் கையெழுத்துப் போட்ட அட்டவணை இருக்கு, பாரு."

"அதை மடிச்சுப் பையில வெச்சுக்க. போ."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. பாசெமேராவின் கண்கள் இரண்டும் வீங்கி, தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. நடையில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகீகி குவளையில் தண்ணீர் கொண்டு வந்தாள். பாசெமேரா பாதியைக் குடித்தாள், மீதியில் முகம் கழுவினாள்.

"வீட்டுக்குப் போறேன். மேனேஜர் கேட்டா தலைவலின்னு சொல்லு."

"கூட வரட்டுமா?"

"வேண்டாம்." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள். "கீழ் வளைவு வரைக்கும் வா."

மழை இல்லை. மலைச்சரிவில் இருவரும் இறங்கினார்கள். வளைவில் வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றை நிறுத்தி, பாசெமேரா பின்னால் ஏறி உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாள். வண்டி சந்தைப் பக்கம் திரும்பி மறையும் வரை அகீகி நின்றாள். பிறகு ஒரு மணி அறிவிப்பைப் படிக்க மேலே ஏறிப் போனாள்.